மூச்சுக்கு அருகே ஓர் அளவுகோல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சினிடையே வந்த சில கிளைச் செய்திகள் அச்சுக்காகக் குறைக்கப்பட்டுள்ளன.)



தம் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியப் பெருந்தகை வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அறிவியல் பொருளைத் தமிழில் பேச வேண்டும். கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் வீட்டாருக்கும் அது விளங்க வேண்டும். அதை மனத்தில் கொண்டே இன்றைய பொருளைத் தேர்ந்தேன். தெருவிலும் வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அன்றாடம் நம்மைச் சூழ்ந்திருக்கும் மாசை எப்படி அளக்கிறோம், அளந்ததைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே அது.

நான் நிறுவ விரும்பும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் நகரத்தின் காற்றை அளக்கிறோம். அந்நகரத்தில் வாழ்பவர் எதைச் சுவாசிக்கிறார் என்பதை அளப்பதில்லை. இரண்டும் ஒன்றென்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அளவுகோல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அரசின் பணமும் மக்களின் கவனமும் போய்ச் சேரும். அளவுகோலை மூச்சுக்கு அருகே கொண்டுவராத வரை நம் உழைப்பில் பெரும்பகுதி இடம் மாறியே செலவாகும்.

1.

முதலில், கண்காணிப்பு நிலையம் எதைக் காண்கிறது என்று பார்ப்போம். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி ஆகிய இடங்களில் தொடர்ந்து இயங்கும் நிலையங்கள் முதலில் வந்தன. பின்னர் அரும்பாக்கம், பெருங்குடி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகியவை சேர்ந்தன. இவற்றைத் தவிர, கையால் வடிதாள் மாற்றி எடை போடும் பழைய வகை நிலையங்களும் உண்டு. அவ்வகை நிலையத்துக்கு 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர வரையறை விதிக்கும் குறைந்தபட்ச வேலை, வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 அளவீடுகள். மீதி 261 நாள்களைப் பற்றி அந்தத் தாள்கள் எதுவும் சொல்வதில்லை.

அதே வரையறையின்படி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் சராசரி 60ஐத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரையில் இவை முறையே 5, 15. இந்த இடைவெளியைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசலாம். இன்று நான் சுட்ட விரும்புவது ‘சராசரி’ என்ற சொல்லை.

போகியன்று விடியலில் தெருவெங்கும் பழைய பாய், டயர், பிளாஸ்டிக் எரிகிறது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஐந்து மணி நேரம் நுண்துகள் 300 மைக்ரோகிராம், மீதிப் பத்தொன்பது மணி நேரம் 30 என்று வைத்துக்கொண்டால், அன்றைய சராசரி 86. தேசியக் காற்றுத் தரக் குறியீட்டில் இது ‘மிதம்’ என்ற வகைக்குள் விழும். அந்த ஐந்து மணி நேரத்தில் மூச்சிரைத்து இன்ஹேலரைத் தேடிய குழந்தைக்கு அந்த நாள் மிதமானதாக இருந்திருக்காது. குறியீடு பொய் சொல்லவில்லை. 24 மணி நேரச் சராசரியைச் சொல் என்று நாம் கேட்டோம், அது சொன்னது.

நிலையத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நகரத்தின் போக்கை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுச் சொல்ல அதைவிட நம்பகமான வழி கிடையாது. ஆனால் அதன் உறிஞ்சுகுழல் தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேலே, மரமும் சுவரும் மறைக்காத திறந்த வெளியில் இருக்க வேண்டும் என்பது விதி. சமையலறையில் யாரும் அப்படி நின்று சுவாசிப்பதில்லை. பேருந்து நிறுத்தத்திலும் நிற்பதில்லை.

2.

இந்த இடத்தில் நான் மிகுந்த மரியாதையோடு நினைவுகூர விரும்பும் அறிஞர், 2020இல் மறைந்த கிர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில் உலகம் காற்று மாசு என்றதும் ஆலைப் புகைபோக்கிகளையும் மோட்டார் வண்டிகளையும் மட்டுமே நோக்கிக்கொண்டிருந்தபோது, அவர் குஜராத் கிராமங்களுக்குப் போனார். விறகும் சாண வறட்டியும் எரியும் அடுப்பின் முன் உட்கார்ந்த பெண்களின் உடையில் சிறிய பம்பையும் வடிதாளையும் பொருத்தினார். 1983இல் வெளியான அந்த ஆய்வில், சமைக்கும் நேரத்தில் அப்பெண்கள் சுவாசித்த காற்றில் மொத்தத் துகளின் அளவு கன மீட்டருக்கு ஏறக்குறைய 7,000 மைக்ரோகிராம். அன்றைய எந்தத் தொழில்நகரத்தின் தெருவும் அந்த அடுப்படிக்கு அருகே வர முடியாது. அந்தப் பெண்களின் பெயரை எந்த மாசுப் பட்டியலும் அதுவரை சேர்த்ததில்லை.

அவர் வகுத்துத் தந்த எளிய விதி ஒன்று உண்டு. ஒரு கிராம் புகை எங்கே வெளியானாலும் ஒரு கிராம்தான். ஆனால் அதில் எவ்வளவு மனித நுரையீரலுக்குள் போகிறது என்பது இடத்தைப் பொறுத்தது. திறந்த வெளியில் எழும் புகையில் பத்து லட்சத்தில் சில பங்குதான் யாரோ ஒருவருடைய மூச்சில் சேர்கிறது. வீட்டுக்குள் எழும் புகையில் ஆயிரத்தில் சில பங்கு சேர்கிறது. ஆயிரம் மடங்கு வேறுபாடு. உயரமான புகைபோக்கியிலிருந்து ஒரு டன் புகையைக் குறைப்பதும், அடுப்படியிலிருந்து ஒரு கிலோ புகையைக் குறைப்பதும் மூச்சின் கணக்கில் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கக்கூடும் என்பது இதன் பொருள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் மேசை மேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

அவரோடு தொடர்ந்து பணியாற்றியவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் நடந்து 2002இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, எரிபொருளோடு அடுப்படியின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தது. தடுப்பில்லாத ஓரறை வீடு, தடுப்புள்ள சமையலறை, தனிச் சமையற்கட்டு, திண்ணைக்கு வெளியே வைத்த அடுப்பு என்று ஒவ்வொன்றிலும் சமைப்பவர் ஏற்கும் அளவு மாறியது. சமைக்காமல் அதே வீட்டில் இருப்பவருடைய அளவும் மாறியது. சுவர் எங்கே நிற்கிறது என்பதும் ஒரு சுகாதாரச் செய்தி என்று இந்த மண்ணிலேயே அளந்து காட்டினார்கள்.

ஸ்மித் குஜராத்தில் அளந்த 1980களில், அமெரிக்காவில் வேறொரு பாதையில் இதே முடிவுக்கு வந்தவர்கள் லான்ஸ் வாலஸும் வெய்ன் ஆட்டும். நியூ ஜெர்சியில் ரசாயன ஆலைகள் நெருங்கி நிற்கும் பேயோன், எலிசபெத் என்ற நகரங்களில் சில நூறு பேரிடம் சிறு காற்றுச் சேகரிப்பானைக் கொடுத்து, பகலும் இரவும் கூடவே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆலைக்கு அருகில் வாழ்பவருக்கே அளவு கூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆலையின் தூரம் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. உலர்சலவைக் கடையிலிருந்து வந்த துணி, அலமாரியில் போட்ட அந்துருண்டை, குளியலறையில் குளோரின் கலந்த வெந்நீரிலிருந்து எழும் ஆவி, வீட்டிலேயே பிடிக்கும் சிகரெட் ஆகியவையே மனிதரைச் சென்றடைந்தன. பென்சீனை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் கலக்கும் மொத்தப் பென்சீனில் சிகரெட்டின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. அமெரிக்க மக்கள் உள்ளேற்ற பென்சீனிலோ அதன் பங்கு ஏறத்தாழப் பாதி. உமிழ்வை மட்டும் அளந்தவர் கண்ணுக்குச் சிகரெட் தெரியவே தெரியாது.

3.

அப்படியானால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் மக்களின் நாட்குறிப்பைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, அவர்கள் நாளில் 87 விழுக்காடு நேரத்தைக் கட்டடங்களுக்குள்ளேயே கழிப்பதாகச் சொன்னது. நம் ஊரில் வெளியே நிற்கும் நேரம் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் அலுவலகம், வகுப்பறை, கடை, படுக்கையறை என்று கூட்டிப் பார்த்தால் நம்மில் பெரும்பாலோர் மூச்சும் கூரைக்குக் கீழேதான். அந்தக் கூரைக்குக் கீழே சட்டப்படி யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை.

கட்டடம் மாசுக்குத் தடுப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சன்னலைச் சாத்தினால் புகை வராது என்கிறோம். நுண்துகள் கதவிடுக்கிலும் சன்னல் இடுக்கிலும் நுழையும். சாத்திய அறைக்குள் நாமே உண்டாக்குவது அறைக்குள்ளேயே நிற்கும். கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று அது கண்டது. தொட்டிலுக்கு அடியில் சுருளை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் தாய் குழந்தையைக் கொசுவிடமிருந்து காக்கவே அதைச் செய்கிறாள். அவளிடம் இந்த எண்ணை யாரும் இதுவரை சொல்லவில்லை. கொசுவலை இந்த எண்ணை ஒரே இரவில் சுழியாக்கும்.

தாளிப்புக்கும் இதே கணக்குத்தான். கேஸ் அடுப்பு விறகைவிடப் பல மடங்கு மேல், ஐயமில்லை. ஆனால் சூடேறிய எண்ணெயும் கருகும் மிளகாயும் துகளை எழுப்பவே செய்யும். இங்கே பலர் வீட்டில் சிம்னி மாட்டியிருப்பீர்கள். அது குழாய் வழியே வெளியே தள்ளும் வகையா, கரிவடியில் வடித்து அதே சமையலறைக்குத் திருப்பி விடும் வகையா என்று பாருங்கள். இரண்டாம் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாயுக்களைப் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள சாதாரண எக்ஸாஸ்ட் விசிறி அதைவிட நல்ல வேலை செய்யும்.

ஏ.சி.யைப் பற்றி ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது. அதிலுள்ள வலை பஞ்சையும் நூலையும் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. பத்துக்குப் பதினொன்று அடி அறையில் இரண்டு பேர் உறங்குவதாக வைத்துக்கொள்வோம். துளியும் கசியாத அறையானால் கார்பன் டை ஆக்சைடு மணிக்கு ஏறக்குறைய 900 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 900 பங்கு) வீதம் ஏறும். கசிவு இருப்பதால்தான் விடியும்போது கணக்கு அந்த உயரத்துக்குப் போவதில்லை. தலைவலியோடு எழுந்து ‘தூக்கம் போதவில்லை’ என்பவர் அந்த அறையில் ஒரு மீட்டரை வைத்துப் பார்க்கலாம்.

அறைக்காற்றின் நிலையை அறியக் கார்பன் டை ஆக்சைடை அளக்கலாம் என்று சொன்னவர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர். ஆண்டு 1858. அந்த வாயு 1,000 பி.பி.எம்.ஐத் தாண்டாமல் இருந்தால் அறை நன்றாகக் காற்றோட்டம் பெறுகிறது என்றார். அந்த வாயு அந்த அளவில் நஞ்சு என்பதால் அவர் அதைச் சொல்லவில்லை. மனிதர் மூச்சில் விட்டது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி என்பதால் சொன்னார். இன்றைய கணக்கும் அதை ஒட்டியே வருகிறது. ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று கிடைத்தால், அறையின் அளவு வெளியைவிட 500 பி.பி.எம். அளவுக்கே கூடும். வெளியில் இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கூட்டினால் 900க்குச் சற்று மேலே நிற்கும். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறைகளுக்கு இந்த வாயுவை அளக்கும் சிறு கருவிதான் கைகொடுத்தது. நூற்றறுபது ஆண்டு பழமையான அறிவு அது, அதுவரை அலமாரியில் கிடந்தது.

சன்னலைத் திறந்தால் தெருப்புகை வருமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லாஸ் ஏஞ்சல்ஸ் விரைவுச்சாலைகளின் ஓரத்தில் 2002இல் அளந்தவர்கள், வண்டிகள் விடும் மிக நுண்ணிய துகள்கள் சாலையிலிருந்து 300 மீட்டர் தள்ளிப் போனதும் பின்னணி அளவுக்கு இறங்கிவிடுவதைக் கண்டார்கள். நூறடிச் சாலையை நோக்கிய சன்னலும் பின்கட்டுச் சன்னலும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒன்றல்ல. எந்தச் சன்னலை எந்த நேரத்தில் திறப்பது என்பதை, உள்ளே சேரும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிலிருந்து வரும் துகளையும் சேர்த்து அளந்துதான் சொல்ல முடியும்.

4.

கருவியைப் பற்றி மாணவர்களுக்காகக் கொஞ்சம். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நுண்துகள் கருவிகள் துகளை எடை போடுவதில்லை. உள்ளே ஒரு லேசர் கற்றை. துகள் குறுக்கே போகும்போது சிதறும் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கின்றன. கடற்கரை நகரத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும்போது உப்புத் துகளும் சல்ஃபேட் துகளும் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பருத்த துகள் கூடுதல் ஒளியைச் சிதறும். காற்றில் புகை ஏறாமலேயே அளவு ஏறியதாகக் கருவி காட்டும். சென்னை விடியல் பெரும்பாலும் அந்த ஈரப்பதத்தில்தான் விடிகிறது.

பர்ப்பிள்ஏர் என்ற கருவிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்த திருத்தச் சூத்திரத்தைப் பார்த்தால் விளங்கும். கருவி காட்டுவதை ஏறத்தாழப் பாதியாக்கி (0.524 என்று பெருக்கி), பின் ஈரப்பதத்துக்காகவும் ஒரு பகுதியைக் கழிக்கிறார்கள். அந்தச் சூத்திரம் அந்நாட்டுக் காற்றுக்கானது. நமக்கான திருத்தத்தை நாமேதான் கண்டறிய வேண்டும். வழி எளிது. நம் கருவியை நிலையத்தின் பக்கத்தில் சில வாரம் வைத்து, கோடைக்கு ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு ஒன்று என இரண்டு ஒப்பீடு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் செல்பேசியில் ஓர் எண்ணைப் படம்பிடித்துப் பரப்புவதால் பயமும் அலட்சியமும் மட்டுமே மாறி மாறி வளரும். இளம் ஆய்வாளர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வடிதாளை எடை போடும் பழைய முறையைக் கைவிடாதீர்கள்.

5.

நம்மைச் சூழ்ந்திருக்கும் மாசு காற்றில் மட்டும் இல்லை; இரைச்சலையும் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு இரைச்சல் மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45; மருத்துவமனை, பள்ளி சூழ்ந்த அமைதி மண்டலத்துக்கு 50, 40. டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் 55 நிமிடம் 55 டெசிபலாகவும் 5 நிமிடம் 90 ஆகவும் இருந்தால், ஆற்றல் சராசரி 79. சாதாரணமாகக் கூட்டி வகுத்தால் 58 என்று வரும். காற்றின் சராசரி உச்சத்தை மறைக்கிறது, இரைச்சலின் சராசரி உச்சத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அப்படியிருந்தும் மருத்துவமனை வார்டுக்குள், நோயாளியின் தலைமாட்டில் மீட்டர் வைத்து அளப்பது நம்மிடையே வழக்கமாகவில்லை.

6.

அளந்த இடத்துக்கே பணம் போகும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை அதற்குள் வருகின்றன. நகரங்களின் முன்னேற்றத்தை மதிப்பிட எடுத்துக்கொண்ட அளவு பி.எம். 10, அதாவது பருமனான துகளும் சேர்ந்த அளவு. அதில் சாலைப் புழுதியின் பங்கு பெரிது. விளைவு என்ன? அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, செலவான நிதியில் 64 விழுக்காடு சாலைப் புழுதியைக் கட்டுப்படுத்தப் போனது. தொழிற்சாலை மாசுக்கு 1 விழுக்காடுகூடப் போகவில்லை.

சாலையைப் பெருக்கும் இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நுரையீரலின் ஆழத்துக்கும் இரத்தத்துக்கும் போவது புகையிலிருந்து வரும் நுண்துகள். 1993இல் வெளியான அமெரிக்க ஆறு நகர ஆய்வு அதன் விளைவைக் காட்டியது. 8,111 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, மிக மாசடைந்த நகரத்தில் இறப்பு விகிதம் மிகத் தூய நகரத்தைவிட 26 விழுக்காடு கூடுதல் என்றும், அது நுண்துகளோடு நெருங்கிச் செல்கிறது என்றும் சொன்னது. இதை அறிந்து முப்பது ஆண்டு ஆன பிறகும் புழுதியை அளந்து புழுதிக்குச் செலவிடுகிறோம். நகராட்சிப் பொறியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண் எதற்குத் தருவீர்களோ அதைத்தான் அவர் செய்வார்.

7.

மூச்சுக்கு அருகிலும் உடலிலும் அளந்தவர்கள் என்ன கற்றார்கள் என்பதற்கு மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

ஒன்று ஈயம். அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மக்களின் இரத்தத்தில் ஈயத்தை அளந்தார்கள். பெட்ரோலில் ஈயம் படிப்படியாகக் குறைந்துவந்த காலம் அது. கணிப்புகள் சிறிதளவு சரிவையே எதிர்பார்த்தன. இரத்தத்தில் ஈயத்தின் சராசரி 37 விழுக்காடு வீழ்ந்திருந்தது. காற்றை மட்டும் அளந்திருந்தால் தூசி வழியும் கை வழியும் உணவு வழியும் உள்ளே போன ஈயம் கணக்கில் வந்திருக்காது. அந்த எண்தான் ஈயப் பெட்ரோலுக்கு ஆதரவான வாதங்களை முடித்துவைத்தது. இந்தியா 2000இல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாறியது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் மாறியது.

இரண்டாவது, லண்டனில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி. தெற்குச் சுற்றுச்சாலைக்கு மிக அருகில் வீடு. கடும் ஆஸ்துமாவால் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பச் சென்று, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். அவளுடைய தாய் விடவில்லை. வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த நிலையத்தின் பதிவுகளையும் அவள் மருத்துவமனையில் சேர்ந்த நாள்களையும் பேராசிரியர் ஸ்டீஃபன் ஹோல்கேட் ஒப்பிட்டு அறிக்கை தந்தார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி காற்று மாசை இறப்புக்கான காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தார். அந்த நிலையத்தின் பதிவேடு மணிக்கு மணி இருந்தது, பொதுமக்கள் பார்க்கும்படி இருந்தது. நிலையம் ஆறேழு மைல் தள்ளி இருந்திருந்தால் அந்தத் தாயின் கையில் சாட்சியே இருந்திருக்காது. இதைப் படித்த நாளிலிருந்து, நிலையமில்லாத நம் நகரத் தெருக்களில் எத்தனை தாய்மார் சாட்சியின்றி நிற்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

மூன்றாவது நமக்கு மிக அருகில் நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு தமிழ்நாட்டுக் கிராமங்களும் பங்குபெற்ற பெரிய ஆய்வு. விறகடுப்பில் சமைக்கும் கர்ப்பிணிகள் 3,200 பேர். பாதிப் பேருக்கு எல்.பி.ஜி. அடுப்பும் எரிவாயுவும் இலவசம். பெண்கள் நுண்துகள் கருவியை உடலில் அணிந்தார்கள். கேஸ் பெற்றவர்களின் அளவு சராசரி 35 மைக்ரோகிராம், விறகில் தொடர்ந்தவர்களுக்கு 103. மூன்றில் இரண்டு பங்கு சரிவு. ஆனால் 2022இல் வெளியான முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணவில்லை.

சிலர் இதைக் கேஸ் அடுப்பின் தோல்வி என்றார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அடுப்பு கர்ப்பம் தொடங்கிய பின்புதான் வந்தது. தாயின் ஊட்டம் வேறு பல காரணங்களைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 35 என்ற எண்ணைப் பாருங்கள். நம் நாட்டின் ஆண்டு வரையறையான 40க்குள் அது அடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைக்கு அது ஏழு மடங்கு. தன் அடுப்பை மாற்றிய பெண் பக்கத்து வீட்டு விறகுப் புகையையும் தெருவில் எரியும் குப்பைப் புகையையும் சுவாசிக்கிறாள். இந்தியாவின் வெளிக்காற்று நுண்துகளில் ஏறத்தாழக் கால் பங்கு வீட்டு அடுப்புகளிலிருந்தே வருகிறது என்று 2018இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. உள்ளும் வெளியும் ஒரே காற்று. கேஸ் இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணியிருந்தால் இவற்றில் எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது.

8.

இனி நாம் எங்கே தொடங்கலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

பள்ளிகளின் சத்துணவுக் கூடங்களையும் 2022 முதல் நடக்கும் காலை உணவுத் திட்டச் சமையற்கூடங்களையும் முதலில் சொல்வேன். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் பொங்கும் அடுப்பின் முன் நிற்கும் பெண்கள் எதைச் சுவாசிக்கிறார்கள்? ஒரு வார வேலை நாள்களில் அவர்களின் தோளில் ஒரு சிறு கருவி இருந்தால் போதும். அடுத்து தூய்மைப் பணியாளர்களும் போக்குவரத்துக் காவலர்களும். பின்னர் வகுப்பறைகள்: கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றைப் பல பள்ளிகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். சன்னல் திறந்து ஒரு நாள், சாத்தி ஒரு நாள் அளந்து மாணவர்களே வரைபடம் போடட்டும். புதிய கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று தரும்போது லிஃப்டையும் தீயணைப்பு ஏற்பாட்டையும் பார்ப்பதுபோல் அறைகளின் காற்றோட்டத்தையும் அளந்து பதிய வேண்டும் என்று இந்த அவை வழியாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவியைச் சுமந்தவருக்கு முடிவை முதலில் சொல்லுங்கள். ஆய்விதழில் வருமுன், அவருடைய மொழியில், அவருடைய எண்ணை, பக்கத்து எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் ஏறுகிறது, இந்தக் கதவைத் திறந்தால் இறங்குகிறது என்று அவர் கையாலேயே செய்து பார்க்கும்படி சொல்லுங்கள். ஒப்புதல் தாளில் கைநாட்டு வாங்குவதோடு நம் கடமை முடிவதில்லை.

இந்தக் கல்லூரிக்கு விடுதி உண்டு, விடுதிக்குச் சமையற்கூடம் உண்டு. வேதியியல் துறையில் நுண்தராசு இருக்கிறது, இயற்பியல் துறையில் மின்னணுவியல் அறிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். வரும் மார்கழி, தை மாதங்களில் அங்கே அளந்து பாருங்கள். சமையலர்கள் அணிந்த கருவி என்ன சொல்கிறது என்பதை விடுதிக் குழுவின் கூட்டத்தில், அவர்களையும் உட்காரவைத்து, படித்துக் காட்டுங்கள். எக்ஸாஸ்ட் விசிறி கேட்டு அனுப்பும் கோப்பில் அந்த அளவுத் தாளை மேலே வையுங்கள்.